1440-ஆ, 2880-ஆ? பித்தளைப் பட்டறைக்கு ஏற்ற பஃபிங் மெஷின்

காரைக்குடிப் பக்கம் பழைய பித்தளைச் சாமான்களுக்கு மெருகேற்றும் பட்டறை வைக்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: கையில் இருக்கும் கிரைண்டரில் துணி வீல் மாட்டுவது, நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடும் பஃபிங் மெஷின் (துணி வீலைச் சுழற்றி மெருகேற்றுவது), 1440 சுற்று ஓடும் மெஷின்.

முதல் வழி செலவில்லாதது. அதைத் தவிர நல்லது எதுவும் இல்லை. கிரைண்டரின் தண்டு குட்டை. ஒரு தவலையை வீலுக்கு அடியில் திருப்பிப் பிடிக்க இடமிருக்காது, விளிம்பு மோட்டாரில் போய் இடிக்கும். ஒரு முனையில் சாணைக்கல்லும் மறுமுனையில் துணியுமாக ஓட்டினால் கல்லின் பொடி துணியில் ஏறி, பளபளக்க வேண்டிய பித்தளையில் கோடு கோடாக விழும். இரும்பு தீட்டும் பொறி துணிப் பஞ்சில் பட்டால் தீயும் பிடிக்கும்.

மற்ற இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. எட்டு அங்குல வீல் 2880 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு சுமார் 30 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். வேலை சீக்கிரம் முடியும், எவர்சில்வருக்கு இதுவே தோது. 1440 சுற்றில் வேகம் பாதி. ஆனால் வீல் பொருளைப் பறித்து எறியும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. குத்துவிளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலகு துணி மடிப்பில் சிக்கினால் 2880-இல் விரலை விலக்க அவகாசமே கிடைக்காது. அலகும் விளிம்பும் நிறைந்த பழஞ்சாமான்களுக்கு என் ஓட்டு 1440-க்கு. மெருகு மந்தமாக இருந்தால் பத்து அங்குல வீல் போடலாம், அந்த அளவுக்கு மெஷின் இடம் கொடுத்தால்.

எந்த மெஷினானாலும் நம் பக்கத்து முகம் மேலிருந்து கீழே இறங்கும்படி வீல் சுற்ற வேண்டும். பொருளை வீலின் நடுமட்டத்துக்குக் கீழே, பொருளின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். அப்போது பிடி நழுவினாலும் பொருள் கீழே, நம்மை விட்டு விலகித்தான் பறக்கும். மேல் பாதியில் காட்டினால் முகத்துக்கே வரும்.

அடுத்து மேசையா, ஸ்டாண்டா? மேசை என்றால் வீல்கள் அதன் முன்விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும். அடியில் பலகை இருந்தால் நழுவிய பொருள் அதில் மோதித் திரும்பும். பழைய வீட்டில் கழித்துப்போட்ட பர்மா தேக்குப் பலகை கிடைத்தால் விடாதீர்கள், அதிர்வை நன்றாக வாங்கிக்கொள்ளும். அண்டா போன்ற பெரிய சாமான்களுக்கு ஸ்டாண்டே மேல், சுற்றிலும் இடம் கிடைக்கும். ஆனால் ஆத்தங்குடி கல் பதித்த தரையில் துளை போட்டு போல்ட் இறக்காதீர்கள். அது சுடாத சிமென்ட் கல், விரிசல் விடும். பின்கட்டிலோ கொட்டகையிலோ தனியாகக் கான்கிரீட் மேடை போட்டு அதில் இறக்குவதே முறை.

சுவிட்சில் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். சாதாரண சுவிட்ச் என்றால் மின்சாரம் போய்த் திரும்பும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்கும், அந்த நேரம் யாராவது வீல் மாற்றிக்கொண்டிருக்கலாம். மின்சாரம் நின்றால் தானே அணைந்து, மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் ஸ்டார்ட்டருக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. எர்த் கம்பி கட்டாயம்.

கையுறை வேண்டாம், வீல் அதைக் கையோடு இழுக்கும். முகக் கவசமும் தூசி மறைப்பும் வேண்டும். வேட்டி, துண்டு எல்லாம் மெஷினுக்கு எட்டாத தூரத்தில். விளக்குச் சங்கிலியை மட்டும் எந்த மெஷினிலும் காட்ட வேண்டாம். அதற்குப் பழையபடி புளியும் கையும்தான்.