மறுபடியும் ரூட் கெனாலா, வேர் நுனி அறுவையா, பல்லையே எடுப்பதா?

ரூட் கெனால் செய்த பல்லில் திரும்பவும் சிக்கல் என்றால் பெரும்பாலும் மூன்று வழிகள் சொல்லப்படும். அதே சிகிச்சையை மீண்டும் செய்யலாம். ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி அடைக்கலாம். இல்லையென்றால் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளாண்டோ (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) பிரிட்ஜோ (பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் பல்) வைக்கலாம். இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. முதல் சிகிச்சை ஏன் பலிக்கவில்லை என்று தெரிந்துவிட்டால், மூன்றில் ஒன்றோ இரண்டோ தானாகவே விலகிவிடும். காரணத்தைச் சொல்லாமல் "எடுத்துடலாம்" என்று யார் சொன்னாலும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

உண்மையிலேயே பலிக்கவில்லையா?

நரம்பைத்தான் எடுத்தாயிற்றே, அப்புறம் எப்படி வலிக்கிறது? பல்லைச் சுற்றியுள்ள எலும்பும், பல்லை எலும்போடு பிணைக்கும் மெல்லிய தசைநாரும் உயிரோடுதான் இருக்கின்றன. வேருக்குள் தங்கிவிட்ட கிருமிகளின் நச்சு நுனி வழியாக அங்கே கசியும்போது வலி பிறக்கிறது. கடித்தால் வலிக்கும், ஈறில் சீழ்க் கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். சிலருக்கு வலியே இருக்காது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்-ரேயில் வேர் நுனியில் கருப்பாக ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான்.

அந்த நிழலை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. கரைந்த எலும்பு திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும். 4 வருடம் வரைகூடத் தொடர்ந்து கவனிக்கலாம் என்பது ஐரோப்பிய வேர் சிகிச்சை நிபுணர் சங்கத்தின் வழிகாட்டுதல். எனவே பழைய எக்ஸ்-ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். புதியதோடு ஒப்பிட்டு நிழல் சுருங்கியிருந்தால் காத்திருக்கலாம். வளர்ந்திருந்தால் காத்திருப்பதில் லாபம் இல்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் வீக்கம் வடியலாம், ஆனால் ரத்த ஓட்டமே இல்லாத வேர்க் கால்வாய்க்குள் (வேருக்குள் நரம்பு இருந்த மெல்லிய குழாய்) மருந்து போய்ச் சேராது. மாத்திரை முடிந்ததும் தொல்லை திரும்பிவிடும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மறு ரூட் கெனால்

கோளாறு வேருக்குள்ளே இருந்தால் இதுதான் முதல் தேர்வு. அடிக்கடி காணும் காரணம், ஒரு கால்வாய் கண்ணில் படாமல் போனது. மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். அதில் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் உண்டு. மைக்ரோஸ்கோப் இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பது கடினம். நிரப்பிய பொருள் நுனி வரை எட்டாமல் பாதியில் நின்றிருக்கலாம். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டதில் எச்சில் உள்ளே கசிந்திருக்கலாம், அல்லது பல்லுக்கு மேல் போட்ட உறையான கேப்பின் ஓரத்தில் புதிதாகச் சொத்தை வந்திருக்கலாம்.

இவை எல்லாமே உள்ளே போய்ச் சரிசெய்யக்கூடியவை. கேப்பைக் கழற்றியோ அதில் துளை போட்டோ உள்ளே போய், கால்வாயை நிரப்பியிருந்த ரப்பர் போன்ற பழைய கட்டாபெர்ச்சாவை எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் நன்றாகக் கழுவி, பெரும்பாலும் சில நாள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, மறுபடி நிரப்புவார்கள். பழைய பொருளைச் சுரண்டி எடுப்பதற்கே நேரம் பிடிப்பதால், முதல் தடவையைவிட அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

இரண்டாம் தடவை எங்கே பலிக்கப் போகிறது என்று பலர் முன்கூட்டியே சோர்ந்துவிடுகிறார்கள். லண்டனில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் முதல் சிகிச்சையில் 83 சதவீத வேர்களும், மறு சிகிச்சையில் 80 சதவீத வேர்களும் ஆறியிருந்தன. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் வேருக்குள் நீளமான உலோகப் போஸ்ட் (கேப்புக்குத் தாங்கலாகச் செருகும் கம்பி) இறுகியிருந்தால் கணக்கு மாறும். அதைப் பிடுங்கும்போது வேரே விரிசல் விடக்கூடும்.

வேர் நுனி அறுவை

அந்த மாதிரி இடத்தில்தான் அறுவைக்கு அர்த்தம் வருகிறது. கேப்பும் போஸ்டும் நல்ல நிலையில் இருக்க, நுனியில் மட்டும் பிரச்சினை என்றால் மேலிருந்து உடைத்துக்கொண்டு போவானேன்? ஈறை விலக்கி, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டரை வெட்டி, உள்நோக்கி இன்னொரு 3 மில்லிமீட்டர் குடைந்து, எம்டிஏ (MTA) போன்ற பல் சிமென்டால் அடைக்கிறார்கள். நுனியில் நிஜமான நீர்க்கட்டி இருந்தாலோ, கிருமி வேரின் வெளிப்புறத்திலேயே படிந்திருந்தாலோ உள்ளே எத்தனை முறை கழுவினாலும் தீராது. அதற்கும் இதுதான் வழி. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். சில நாள் வீக்கமும் தையலும் இருக்கும். கீழ்க் கடைவாயில் நரம்பும், மேல் கடைவாயில் சைனஸும் அருகிலேயே இருப்பதால் முன்பற்களில் செய்வது போல அங்கே எளிதல்ல.

இந்த இரண்டையும் ஒப்பிடும்போது காலத்தையும் பார்க்க வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டிய 2009-ஆம் ஆண்டு அலசலில், 2 முதல் 4 வருடத்தில் அறுவைக்கு 78 சதவீத வெற்றி, மறு ரூட் கெனாலுக்கு 71 சதவீத வெற்றி. 4 முதல் 6 வருடத்தில் நிலைமை தலைகீழ்: அறுவை 72, மறு ரூட் கெனால் 83. நுனியை மட்டும் அடைத்தால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. உள்ளே அழுக்கு அப்படியே இருந்தால் அது பின்னால் வேலையைக் காட்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த எண்களில் பழைய முறை அறுவைகளும் அடக்கம். 2010-இல் வந்த இன்னொரு திரட்டு, பழைய முறைக்கு 59 சதவீத வெற்றியும், மைக்ரோஸ்கோப்போடு செய்யும் புதிய முறைக்கு 94 சதவீத வெற்றியும் காட்டியது. ஆகவே அறுவை என்று சொன்னால், எந்த முறையில் செய்வார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

பல்லைக் கவனமாக எடுத்து, வெளியே வைத்து நுனியை அடைத்து, சில நிமிடங்களுக்குள் அதே குழியில் திரும்ப வைக்கும் முறையும் உண்டு. அறுவைக்கு எட்டாத பல்லுக்குக் கடைசி முயற்சியாக மட்டும் செய்வார்கள்.

எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட்

வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது, எடுக்கத்தான் வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஈறுக்குள் குறுகலாக, ஆழமாகக் கருவி இறங்கினால் அந்தப் பிளவைச் சந்தேகிப்பார்கள். சிபிசிடி (CBCT) என்ற முப்பரிமாண எக்ஸ்-ரே ஸ்கேன் விடுபட்ட கால்வாயை அழகாகக் காட்டும், ஆனால் உலோகம் இருக்கும் பல்லில் மெல்லிய விரிசலை அதை நம்பி முடிவு செய்ய முடியாது. ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் மிஞ்சவில்லை என்றாலும் கேப் நீடிக்காது.

இந்தக் காரணங்கள் இல்லாமல், "இம்ப்ளாண்ட்தான் நிரந்தரம்" என்பதற்காக மட்டும் எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். இம்ப்ளாண்ட் நல்ல சிகிச்சைதான், சந்தேகமில்லை. ஆனால் அது எலும்போடு சேர மாதங்கள் ஆகும், அதைச் சுற்றியும் ஈறு நோய் வரும், எலும்பு கரையும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் ஆபத்து கூடுதல். எலும்பு தேய்மானத்துக்குச் சில வகை மருந்து எடுப்பவர்களுக்குப் பல் எடுப்பதே தாடை எலும்பைப் பாதிக்கலாம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும். மறு சிகிச்சை பலிக்காவிட்டாலும் பிறகு இம்ப்ளாண்டுக்குப் போகலாம். எடுத்த பல் திரும்ப வராது.

பல்லைக் காப்பாற்றுவதென்று முடிவானால் வேர் சிகிச்சை நிபுணரிடம் போங்கள். மைக்ரோஸ்கோப் உண்டா, ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லை மட்டும் தனியாக்கும் ரப்பர் திரை) கட்டிச் செய்வார்களா, உள்ளே திறந்து பார்த்தபின் விரிசல் தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். மறு ரூட் கெனால் முடிந்ததும் கடைவாய்ப்பல்லுக்குக் கேப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வலி இல்லாவிட்டாலும் ஒரு வருடம் கழித்து ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்கள்.