லினக்ஸ் பதிப்பா, புரோட்டானா, வின்டோஸா? விளையாடும் வழிகளின் ஒப்பீட்டு அலசல்

லினக்ஸ் இயக்குதளத்தில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் செயலியை வைத்திருப்பவர்களுக்கு ‘நிறுவு’ என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ஒரு தேர்வு காத்திருக்கிறது. ஒரே விளையாட்டுக்கு லினக்ஸ் பதிப்பும் வின்டோஸ் பதிப்பும் இருக்கலாம். வின்டோஸ் பதிப்பை, வின்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயங்கவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸிலேயே ஓட்டலாம். அல்லது வன்தட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் வின்டோஸையே நிறுவி, விளையாடும் நேரத்தில் மட்டும் அங்கே போய்வரலாம். ரைசன் 5 செயலியும் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டும் கொண்ட என் நடுத்தரக் கணினியில் இந்த மூன்று வழிகளையும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். லினக்ஸ் பதிப்பு ஒன்று இருந்தால் அதுவே சிறந்தது என்று புதிதாக வருவோருக்கு வழக்கமாகச் சொல்லித்தரப்படும் பாடத்தை நான் இப்போது ஏற்பதில்லை. ஒரு விளையாட்டின் லினக்ஸ் பதிப்பை யார் செய்தார்கள், செய்தவர்கள் இன்னும் அதைக் கவனிக்கிறார்களா என்பதைப் பார்த்த பிறகே அதை நம்பலாம் என்பது என் முடிவு.

லினக்ஸ் பதிப்புகளின் கதை பழையது. 1998இல் தொடங்கிய லோக்கி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் வின்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி, பெட்டியில் போட்டு விற்றது. 2002இல் அது மூடப்பட்டது. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் அதிகாரப்பூர்வமாக லினக்ஸுக்கு வந்ததும் இரண்டாவது அலை எழுந்தது. ஃபெரல், ஆஸ்பைர் போன்ற நிறுவனங்கள் பெரிய விளையாட்டுகளின் உரிமம் பெற்று, அவற்றை லினக்ஸுக்கு மாற்றித் தந்தன. லினக்ஸின் அடையாளமான பென்குயின் சின்னம் இல்லாத விளையாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டோம் என்பது லினக்ஸ் ரசிகர்களிடையே ஒரு முழக்கமாகவே இருந்தது. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

ஆனால் ‘லினக்ஸுக்கென்றே செய்யப்பட்டது’ என்ற பெயருக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால், பல வேளைகளில் உள்ளே இருப்பதும், வின்டோஸ் நிரலின் கோரிக்கைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றும் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்குதான். 2014இல் வெளிவந்த ‘தி விட்சர் 2’ லினக்ஸ் பதிப்பு, வின்டோஸ் நிரலை இஆன் என்ற உறைக்குள் வைத்து, வின்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டிக்கான அதன் அழைப்புகளை, லினக்ஸிலும் இயங்கும் ஓப்பன்ஜிஎல் இடைமுகத்தின் அழைப்புகளாக மாற்றி ஓடியது. வெளிவந்த நாள்களில் அதன் வேகத்தைப் பற்றி எழுந்த புகார்கள் கொஞ்சநஞ்சமல்ல. அக்காலத்துப் பெரிய விளையாட்டுகள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. புரோட்டான் செய்வதும் மொழிபெயர்ப்பே என்னும்போது, இரண்டு மொழிபெயர்ப்பாளர்களில் யார் இன்னும் வேலையில் இருக்கிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். உரிமம் பெற்று மாற்றிக்கொடுத்த நிறுவனம் ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடும். புரோட்டானைச் செய்பவர்களோ ஒவ்வொரு மாதமும் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளே போதும். ‘சிவிலைசேஷன் 6’ விளையாட்டின் லினக்ஸ் பதிப்புக்கு ஆஸ்பைர் பொறுப்பேற்றிருந்தது. வின்டோஸில் வந்த திருத்தங்கள் லினக்ஸுக்குத் தாமதமாகவே வந்தன. இரு பக்கத்துப் பதிப்பு எண்களும் ஒத்துவராத நாள்களில், வின்டோஸ் வைத்திருக்கும் நண்பருடன் சேர்ந்து ஆட முடியாது. புரோட்டானில் வின்டோஸ் பதிப்பை ஓட்டினால் இந்தச் சிக்கலே எழுவதில்லை, ஏனெனில் நண்பரிடம் இருக்கும் அதே கோப்புகள்தான் நம்மிடமும் இருக்கின்றன. ‘ராக்கெட் லீக்’ இதைவிடக் கசப்பான கதை. டைரக்ட்3டி 9இலிருந்து 11க்கு மாறப்போவதைக் காரணமாகக் காட்டி, 2020 மார்ச்சில் அதன் உருவாக்குநர்கள் லினக்ஸ், மேக் பதிப்புகளின் இணைய ஆட்டத்தை நிறுத்தினர். கேட்டவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தனர். லினக்ஸ் பதிப்பை நம்பி வாங்கியவர்கள் அதன் பிறகு இணையத்தில் ஆடியது வின்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஓட்டித்தான்.

பழைய லினக்ஸ் பதிப்புகளுக்கு வயதாவதும் ஒரு தனிச்சிக்கல். பத்தாண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட நிரல் ஏதோவொரு பழைய நூலகக் கோப்பைத் தேடும்; இன்றைய இயக்குதளத்தில் அது இருக்காது; விளையாட்டு ஒரு கணம் திறந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். லினக்ஸில் மாறாமல் நிலைத்திருக்கும் ஒரே இடைமுகம் வின்டோஸினுடையது என்று விவரமறிந்தவர்கள் கேலியாகச் சொல்வது இதனால்தான். இதற்கு ஸ்டீமிலேயே ஒரு மருந்து உண்டு. விளையாட்டின் பெயர் மீது வலப்பொத்தானை அழுத்தி, பண்புகளுக்குள் ‘இணக்கத்தன்மை’ என்ற பகுதிக்குப் போனால், புரோட்டான் பதிப்புகளோடு ‘ஸ்கவுட்’ என்ற இயக்கச்சூழலும் பட்டியலில் இருக்கும். அது உபுண்டு 12.04 காலத்து நூலகங்களைத் தன்னுள் சுமந்திருக்கும் ஒரு பெட்டகம். அதைத் தேர்ந்தெடுத்ததும் செத்துக்கிடந்த பழைய விளையாட்டு எழுந்து உட்கார்வதை ஓரிரு முறை கண்டிருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், லினக்ஸ் பதிப்பைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அது ‘ஃபாக்டோரியோ’. தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாக, தானியங்கிச் சேமிப்பு நடக்கும் ஒவ்வொரு முறையும் திரை சில நொடிகள் உறைந்துபோவது அதை ஆடுபவர்கள் அனைவருக்கும் தெரிந்த தொல்லை. லினக்ஸில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத் தானே பிரதியெடுத்துக்கொள்ள முடியும். அந்த வசதியைப் பயன்படுத்தி, பிரதி ஒரு பக்கம் கோப்பை எழுதிக்கொண்டிருக்க, மூலம் மறுபக்கம் ஆட்டத்தைத் தொடரும்படி அதன் உருவாக்குநர்கள் செய்திருக்கிறார்கள். வின்டோஸ் பதிப்பில் இது கிடையாது. கன்ட்ரோல், ஆல்ட் விசைகளைச் சேர்த்துப் பிடித்தபடி ‘அமைப்புகள்’ பொத்தானைச் சொடுக்கினால் திறக்கும் மறைவான பட்டியலில் இதற்கான தேர்வுப்பெட்டி இருக்கிறது. நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் இரவு 11 மணிக்கு ஆயிரக்கணக்கான ரோபோக்கள் பறக்கும் தொழிற்சாலை ஒரு முறைகூடத் திக்காமல் ஓடுவதைப் பார்த்தவருக்கு அந்தச் செலவு பெரிதாகத் தோன்றாது. லினக்ஸைத் தாமே புழங்குகிறவர்கள் செய்யும் பதிப்புக்கும், ஒப்பந்தத்துக்காகச் செய்துகொடுக்கப்படும் பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் கண்டதில்லை.

இனிப் புரோட்டான். 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தை அடித்தளமாகக் கொண்டு, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் கோட்வீவர்ஸ் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து 2018 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. வின்டோஸ் நிரல் கேட்கும் சேவைகளை வைன் லினக்ஸின் சேவைகளாக மாற்றிக்கொடுக்கிறது. அதன் மீது, டைரக்ட்3டி வரைகலை அழைப்புகளை லினக்ஸில் இயங்கும் வல்கன் என்ற வரைகலை இடைமுகத்துக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற அடுக்கு அமர்ந்திருக்கிறது. ‘நியர்: ஆட்டோமேட்டா’ விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பிய ஃபிலிப் ரெபோலே என்ற ஜெர்மானியர் அதற்காகவே எழுதத் தொடங்கியது அது. நம்மைப் போன்ற ஓர் ஆர்வலரின் ஆசையில் பிறந்த நிரலை வால்வ் கண்டுகொண்டு, அவரை வேலைக்கு அமர்த்தியது. டைரக்ட்3டி 12க்கு விகேடி3டி-புரோட்டான் என்ற தனி அடுக்கு உண்டு.

இத்தனை அடுக்குகள் இருந்தால் வேகம் குறையாதா என்ற கேள்வி இயல்பானது. என் கணினியில் பெரும்பாலான விளையாட்டுகளில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் குறையவில்லை. சில வேளைகளில் நிலைமை தலைகீழாகவும் இருக்கும். 2022 பிப்ரவரியில் ‘எல்டன் ரிங்’ வெளிவந்தபோது வின்டோஸ் கணினிகளில் அது அடிக்கடித் திக்கியது. மொழிபெயர்ப்பு அடுக்கு தன் கையில் இருந்ததால், வால்வ் அதற்குள்ளேயே ஒரு திருத்தம் செய்து, அப்போதுதான் வெளிவந்திருந்த, லினக்ஸில் இயங்கும் தன் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக்கில் அந்தத் திக்கலைப் பெருமளவு குறைத்தது. ஆனால் இதை என்விடியா கார்டு வைத்திருப்பவர்களிடம் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். டைரக்ட்3டி 12 விளையாட்டுகளில் அந்தக் கார்டுகள் வின்டோஸில் தரும் வேகத்தை லினக்ஸில் முழுமையாகத் தருவதில்லை என்பது நெடுநாளைய குறை. ஏஎம்டி கார்டுகளுக்கான திறந்தமூல டிரைவரில் வால்வின் பொறியாளர்களே பணியாற்றுவது, என்னைப் போன்றவர்களுக்குத் தேடாமல் கிடைத்த நற்பேறு.

புரோட்டானின் குறைகள் வேறு இடங்களில் தலைகாட்டும். கதை உச்சக்கட்டத்தை எட்டும்போது, காணொளிக் காட்சிக்குப் பதிலாகப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிகழ்ச்சி தொடங்குமுன் தெரிவது போன்ற வண்ணப்பட்டைகள் திரையில் வந்து நிற்கும். காணொளியின் குறிமுறைக்கு உரிமச் சிக்கல் இருப்பதால், அதிகாரப்பூர்வப் புரோட்டான் அதைத் தானே திறக்காமல், வால்வ் மாற்றி வைத்திருக்கும் பிரதியைத் தேடுகிறது. பிரதி இல்லாவிட்டால் பட்டைகள்தான். தன்னார்வலர் ஒருவர் தொகுத்து வழங்கும் ஜிஇ-புரோட்டானுக்கு மாற்றினால் பெரும்பாலும் காணொளி ஓடிவிடும். இதனால் ஜிஇ-புரோட்டானையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வோர் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. அதிகாரப்பூர்வப் பதிப்பில் தொடங்கி, இடறினால் மட்டும் மாறுவது என்ற ஒழுங்கு இருந்தால்தான் எங்கே என்ன உடைந்தது என்று தெரியும்.

சேமித்த ஆட்டங்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் எண்ணைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள் போலியாக ஒரு சி டிரைவையும், ‘ஸ்டீம்யூசர்’ என்ற பயனரையும் அமைத்துக்கொள்கிறது. லினக்ஸ் பதிப்போ தன் சேமிப்புகளை முகப்புக் கோப்புறையின் ஏதோவொரு மூலையில் வைத்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கிளவுட் சேமிப்பு இரண்டையும் இணைத்துவிடும் என்று நம்பி, 40 மணி நேர ஆட்டத்தைக் காணாமல் ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன். கோப்பு அழியவில்லை, பழைய வீட்டிலேயே இருந்தது. கையால் எடுத்து வைத்த பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது.

மூன்றாவது வழியான வின்டோஸ் பிரிவுக்கு ஆதரவாகச் சொல்ல ஒரே ஒரு வலுவான காரணம்தான் இருக்கிறது. அது ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 முதல் புரோட்டானில் இயங்கக்கூடியவை. எனினும் அதை அனுமதிப்பதும் மறுப்பதும் விளையாட்டை நடத்துபவர்களின் விருப்பம். ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ நெடுங்காலம் அனுமதித்துவிட்டு, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. ‘ஃபோர்ட்நைட்’ அனுமதித்ததே இல்லை. ‘வேலரண்ட்’ வின்டோஸின் மையக்கருவான கெர்னலுக்குள்ளேயே அமரும் தடுப்பை வைத்திருப்பதால், அங்கே புரோட்டானுக்கு வேலையே இல்லை. இத்தகைய போட்டி விளையாட்டுகளே ஒருவரின் முதன்மை விருப்பம் என்றால், வின்டோஸை வைத்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்த வழிக்கும் விலை உண்டு. ஒரே கணினியில் இரண்டு இயக்குதளங்களையும் வைத்தால், வன்பொருள் கடிகாரத்தை வின்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கும். அதனால் நம் நாட்டில் ஒவ்வொரு முறை மாறும்போதும் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். இது ஒரு கட்டளையில் தீரும் சில்லறைத் தொல்லை. 2024 ஆகஸ்டில் வந்த வின்டோஸ் பாதுகாப்புத் திருத்தம், இரட்டை இயக்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது அவ்வளவு சில்லறையானதல்ல. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, விளையாட்டுகளை வின்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ் கொண்ட ஒரே பிரிவில் வைத்து இரண்டு பக்கமிருந்தும் ஓட்ட முயன்றது என் சொந்தத் தவறு. புரோட்டானின் கோப்புறைக்குள் முக்காற்புள்ளியுடன் கூடிய ‘சி:’ என்ற பெயரில் ஓர் இணைப்புக் கோப்பு இருக்கும். அப்படியொரு பெயரை வின்டோஸ் ஏற்பதில்லை; வட்டுச் சோதனை நடந்தபோது அது பிழையாகக் கருதப்பட்டது; அத்துடன் அந்தக் கோப்புறையும் பயனற்றுப்போனது. புரோட்டானில் ஆடும் விளையாட்டுகளை லினக்ஸின் சொந்தக் கோப்பமைப்பில் மட்டுமே வைக்க வேண்டும்.

ஸ்டீமுக்கு வெளியே வாங்கியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எபிக், ஜிஓஜி கணக்குகளுக்கு ஹீரோயிக் என்ற செயலி போதும். பழைய குறுந்தகடுகளையும் விந்தையான நிறுவிகளையும் வைத்து மல்லுக்கட்டுபவர்களுக்கு லூட்ரிஸ் பொருத்தமானது. இரண்டிலும் அடியில் ஓடுவது வைன் அல்லது புரோட்டான்தான் என்பதால், மேலே சொன்னவை அங்கும் பொருந்தும்.

என் கணினியில் இப்போது ‘ஃபாக்டோரியோ’, ‘டோட்டா 2’, இன்னும் சில சிறு நிறுவனங்களின் ஆக்கங்கள் ஆகியவை லினக்ஸ் பதிப்புகளாக இருக்கின்றன. மற்றவை அனைத்தும், லினக்ஸ் பதிப்பு கிடைக்கும் பழைய பெரிய விளையாட்டுகள் உட்பட, புரோட்டானில் ஓடுகின்றன. பென்குயின் கட்சிக்குத் துரோகம் செய்துவிட்டதாக ஓர் உறுத்தல் சில காலம் இருந்தது. புரோட்டானில் ஆடினாலும் ஸ்டீம் அதை லினக்ஸ் விற்பனையாகவே கணக்கில் கொள்கிறது என்று அறிந்தபோது அதுவும் நீங்கியது. வின்டோஸுக்கு ஒதுக்கியிருந்த 150 ஜிபி பிரிவைச் சென்ற ஆண்டு அழித்துவிட்டேன். ‘வேலரண்ட்’ ஆடத் தோன்றினால் தம்பியின் கணினியில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே கடிகாரமும் சரியான நேரத்தையே காட்டுகிறது.