எந்த சினாட்ராவிலிருந்து தொடங்குவது?

அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைக் கேட்க ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் குழப்பம் இதுதான். 1943 முதல் 1952 வரை கொலம்பியா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிய ஒல்லிப் பையனா, 1953இல் கேப்பிடல் கம்பெனிக்குப் போனவரா, 1960இல் ரிப்ரைஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கிய முதலாளியா? ஆள் ஒன்றுதான், குரல் மூன்று.

பலரும் ரிப்ரைஸ் வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். 'மை வே', 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தி நைட்' இரண்டும் அந்தக் காலத்துப் பாட்டுகள். இதில் இரண்டாவது பாட்டு 1966இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, ஆனால் சினாட்ராவுக்கே அது பிடிக்காது. அதை மட்டும் கேட்டுவிட்டு 'இவ்வளவுதானா?' என்று எழுந்து போனவர்களைக் குறை சொல்ல முடியாது.

கொலம்பியா காலத்துக் குரலில் ஒரு கெஞ்சல் உண்டு. அதற்கு முன் டாமி டார்ஸியின் இசைக்குழுவில் பாடியபோது, டார்ஸி டிராம்போன் என்ற ஊதுகருவியில் மூச்சு விடுவதே தெரியாமல் நீளமாக வாசிப்பதைக் கவனித்து, தானும் அப்படிப் பாட சினாட்ரா பழகியிருந்தார். நாம் மூச்சு வாங்குவார் என்று எதிர்பார்க்கும் இடத்தில் வாங்காமல் அடுத்த வரிக்குள் போய்விடுவார். இசைக்கோர்ப்பாளர் ஆக்சல் ஸ்டோர்டாலின் வயலின்கள் அதற்கு மெத்தை போட்டுக் கொடுத்தன. குறை என்றால் ஒலித்தரம்தான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டு, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். கடைசி வருடங்கள் பரிதாபம். 1950இல் மேடைக் காலத்தில் தொண்டையில் ரத்தக் கசிவு. 1951இல் நாய் குரைப்பதோடு சேர்ந்து ஒரு பாட்டு! அடுத்த வருடம் கொலம்பியா ஒப்பந்தமும் முடிந்தது.

கேப்பிடலுக்கு வந்தபோது வயது 37. குரல் கொஞ்சம் தடித்திருந்தது, அதுவே லாபமாகிவிட்டது. பாட்டுகளுக்கு இசைக்கோர்ப்பு செய்துகொடுத்த நெல்சன் ரிடிலும் டார்ஸி குழுவில் டிராம்போன் வாசித்தவர்தான், அதனால் பாடகர் எங்கே மூச்சு விடுவார் என்று அவருக்குத் தெரியும். எல்பி என்ற நீண்டநேர இசைத்தட்டும் கைகொடுத்தது. மூன்று நிமிட நெருக்கடி போய், ஒரே மனநிலையை முழு ஆல்பத்துக்கும் இழுக்க முடிந்தது. 1946லேயே நான்கு இசைத்தட்டில் எட்டுப் பாட்டாக அதை முயன்று பார்த்தவர்தான். 1955இல் வந்த 'இன் தி வீ ஸ்மால் ஹவர்ஸ்' ஆல்பத்தில் 16 பாட்டு, எல்லாம் தூக்கம் வராத ராத்திரியின் பாட்டு.

ஒரே பாட்டை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். 'ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' 1956இல் கேப்பிடலில் 22ஆவது டேக்கில்தான் சரியாக வந்தது. நடுவில் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் வெடிக்கும், அது அடங்கியதும் குரல் வேறு உயரத்தில் திரும்பி வரும். அதே ரிடிலோடு 1963இல் ரிப்ரைஸுக்காக மறுபடி பாடினார். ஒலி தெளிவு, பதற்றம் காணோம். 1956தான் என் கட்சி.

ஆனால் 'ஐ'ம் எ ஃபூல் டு வாண்ட் யூ' விஷயத்தில் கட்சி மாறுகிறேன். 1957இல் கேப்பிடலில் பாடியது அழகுதான், நடந்து முடிந்ததைச் சொல்கிறவரின் பக்குவம் அதில் இருக்கிறது. 1951இல் கொலம்பியாவில் பாடியவருக்கோ இன்னும் எதுவும் முடியவில்லை. நடிகை ஏவா கார்ட்னர் மீது பைத்தியமாக இருந்த வருடம் அது.

ரிப்ரைஸை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவோடு லாஸ் வேகாஸில் பாடிய 1966 நேரடிப் பதிவில் ஐம்பது வயதுக்காரர் கூட்டத்தைக் கையில் வைத்து விளையாடுகிறார். 1967இல் பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமோடு செய்த ஆல்பத்தில் காதருகில் வந்து பேசுகிற மாதிரி அடக்கி வாசிக்கிறார். அந்த மென்மை கேப்பிடலில்கூடக் கிடைக்காது.

சரி, வரிசை கேட்டால் இதுதான்: முதலில் 1955 ஆல்பம், ராத்திரி பத்து மணிக்கு மேல், ஹெட்போனில். பிடித்துப்போனால் ஜோபிம். காதுக்குப் பழைய இசைத்தட்டின் இரைச்சல் பழகிய பிறகு கொலம்பியா. 'மை வே'யைத் தேடிப் போக வேண்டாம், அது எப்படியும் எங்காவது காதில் விழுந்துவிடும்.