கழிமுகத்தில் கயாக் தூண்டில்: துடுப்பா, பெடலா? இறாலா, லூரா?

கழிமுகத்தில் தூண்டில் போடக் கயாக் (ஒடுக்கமான சிறு படகு) வாங்க நினைக்கிறவர்கள், எந்தக் கயாக் நல்லது, எந்த ராடு (தூண்டில் கம்பு) நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும்: நீங்கள் இறங்கப் போகும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது? ஏரியில் காற்று இல்லாவிட்டால் படகு விட்ட இடத்திலேயே நிற்கும். கழிமுகத்தில் அப்படி இல்லை. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் உள்ளே ஏறி, இரண்டு தடவை வற்றுகிறது. படகு, நரம்பு (லைன்), இரை எல்லாமே அந்த ஓட்டத்துக்குத் தோதாக இருக்க வேண்டும். அதனால் இங்கே எல்லாவற்றையும் அந்த ஒரு அளவுகோலை வைத்தே ஒப்பிடுகிறேன்.

ஓட்டத்தை மதிப்பிட மாலுமிகளின் பழைய கணக்கு ஒன்று கைகொடுக்கும். தண்ணீர் ஏற ஏறக்குறைய 6 மணி நேரம் என்றால், மொத்த ஏற்றத்தை 12 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 3, அப்புறம் 2, கடைசியில் 1. அதாவது நடுவில் வரும் 2 மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் நகர்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அரை நிலா நாட்களில் சிறிது. ஒவ்வொரு கழிமுகத்தின் வடிவத்தைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும், ஆனாலும் திட்டம் போட இது போதும்.

துடுப்புக் கயாக்கும் பெடல் கயாக்கும்

உள்ளே உட்காரும் வகை, மேலே உட்காரும் வகை என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மீன் பிடிக்க மேலே உட்காரும் வகைதான். கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்தே மறுபடி ஏறிக்கொள்ளலாம், தளத்தில் சேரும் தண்ணீர் ஓட்டைகள் வழியே தானே வடியும். மிகக் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் உள்ளே உட்காரும் வகைக்கு ஒரு நியாயம் உண்டு.

உண்மையான போட்டி துடுப்புக்கும் பெடலுக்கும் இடையில்தான். ஹோபி நிறுவனம் 1997-இல் மிராஜ் டிரைவ் என்ற பெடலைக் கொண்டுவந்தது. காலால் மிதித்தால் படகுக்கு அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள் பக்கவாட்டில் அசைந்து படகைத் தள்ளும். பின்னர் மற்ற நிறுவனங்கள் சுழலி வைத்த பெடல்களைக் கொண்டுவந்தன. இரண்டிலும் ஆதாயம் ஒன்றுதான்: கை சும்மா இருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் படகு நகர்ந்துகொண்டே இருக்கும் கழிமுகத்தில் அது சின்ன விஷயமில்லை. துடுப்புக்காரர் லூரை (செயற்கை இரையை) வீசி, ராடை மடியில் வைத்து, துடுப்பை எடுத்துப் படகைத் திருப்பி, மறுபடி ராடை எடுப்பதற்குள் லூர் அடிமட்டத்தில் எதிலாவது சிக்கியிருக்கும். பெடல்காரர் மெல்ல மிதித்தபடியே ஓட்டத்தில் நிலையாக நின்று வீசிக்கொண்டே இருப்பார்.

மீன் மாட்டிய பிறகுதான் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். கொடுவா தூண்டிலில் பட்டவுடன் நேராக அலையாத்தி வேர்களுக்குள் ஓடப் பார்க்கும். அந்தச் சில வினாடிகளில் படகைப் பின்னால் இழுக்க முடிந்தால் மீன் உங்களுக்கு. இல்லாவிட்டால் லைன் வேரில் உரசி அறுந்துவிடும். சுழலி வைத்த பெடலைப் பின்பக்கமாக மிதித்தாலே படகு பின்னால் போகும். சிறகு வைத்த பழைய மாடல்களில் பின்னால் போகும் வசதி கிடையாது, பின்னர் வந்தவற்றில்தான் சேர்த்தார்கள். பழைய படகு வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, துடுப்புக்கு என்ன மிச்சம்? நிறையவே இருக்கிறது. பெடலின் சிறகோ சுழலியோ படகின் அடியிலிருந்து ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட கீழே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுத் திட்டு, ஆளிப் பாறை, முழங்கால் ஆழக் கிளை ஓடை என்றால் அதைத் தூக்கிவிட்டுத் துடுப்புதான் போட வேண்டும். பெடல் படகு அகலமும் எடையும் கூடியது, துடுப்பால் தள்ளச் சோம்பலாக நகரும். எளிய துடுப்புக் கயாக்கை 20 முதல் 30 கிலோவுக்குள் பார்க்கலாம். பெடல் வைத்தது 40 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். வண்டியிலிருந்து தனியாக இறக்கி, சேற்றைக் கடந்து தண்ணீருக்கு இழுத்துப் போகிறவருக்கு இந்த எடைதான் முதல் தடை. உப்புத் தண்ணீரில் பெடலின் ஒவ்வொரு இணைப்பையும் நல்ல தண்ணீரில் கழுவிப் பராமரிக்கவும் வேண்டும். துடுப்பில் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

என் தீர்ப்பு: அகலமான முகத்துவாரம், ஆழமான வாய்க்கால், ஓட்டம் பலமான இடம் என்றால் பெடல். குறுகிய கிளை ஓடைகளும் சேற்றுத் திட்டுகளும்தான் உங்கள் இடம் என்றால், கையில் காசு இருந்தாலும் துடுப்பையே எடுங்கள். தண்ணீர் வற்றும்போது கிளை ஓடை பெரிய வாய்க்காலில் சேரும் அந்த மூலைதான் கழிமுகத்திலேயே மீன் அதிகம் காத்திருக்கும் இடம். அங்கே சத்தமில்லாமல் நுழைந்து, படகை மண்ணில் லேசாக முட்டி நிறுத்திவிட்டு வீசலாம்.

எந்தப் படகானாலும் ஒரு கணக்கு பொது. ஓட்டம் 2 நாட், அதாவது மணிக்கு 3.7 கிலோமீட்டர் என்றால், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் துடுப்புப் போடுகிறவர் எதிர்நீச்சலில் 1.3 கிலோமீட்டர்தான் முன்னேறுவார். அதனால் ஏற்றத்தோடு உள்ளே போய், வற்றத்தோடு திரும்புங்கள். முகத்துவாரத்தில் வற்றும் ஓட்டத்துக்கு எதிராகக் கடல்காற்று வீசினால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அந்த நேரத்தில் அங்கே போகவே கூடாது. மிதவை அங்கி எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும், படகின் பின்பக்கத்தில் அல்ல.

நங்கூரமா, ஓட்டத்தோடு மிதப்பதா என்பதிலும் இதே பாதுகாப்புதான் முதலில். நங்கூரக் கயிற்றைப் படகின் நடுப்பக்கத்தில் கட்டினால் ஓட்டம் படகைப் பக்கவாட்டில் பிடித்துக் கவிழ்த்துவிடும். முனையிலோ பின்னிலோ மட்டுமே கட்ட வேண்டும், ஒரே இழுப்பில் கழற்றும்படி இருக்க வேண்டும். பலமான ஓட்டத்தில் நான் மிதப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன். புதிய இடங்களைத் துழாவவும் அதுவே வசதி.

ரீல், நரம்பு

ஸ்பின்னிங் ரீலா (வீசும்போது லைன் சுற்றிய ஸ்பூல் அசையாமல் நிற்பது), பெயிட்காஸ்டரா (ஸ்பூலும் சேர்ந்து சுழல்வது)? கனமான லூரை வேர்களுக்கு இடையில் ஒரு குறிப்பிட்ட பொந்துக்குள் வீச, பழகிய கைக்குப் பெயிட்காஸ்டர் துல்லியம் தரும். ஆனால் கயாக்கில் தாழ்வாக உட்கார்ந்து, எதிர்க்காற்றில், 5 கிராம் ஜிக் ஹெட்டை (எடைத் தலை வைத்த முள்ளை) வீசிப் பாருங்கள்: ஸ்பூல் லைனை விட வேகமாகச் சுழன்று சிக்கலாகிவிடும். சிக்கலை அவிழ்க்கும் நேரத்தில் படகு எங்கோ போயிருக்கும். கழிமுகத்துக்கு 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீலும் 7 அடிக்குச் சற்றுக் குறைவான ராடும் போதும். ராடு இதைவிட மிகவும் குட்டையானால், மீன் படகின் முனையைச் சுற்றி ஓடும்போது லைனை அந்தப் பக்கம் கொண்டுபோக எட்டாது.

பிரெய்டா (பின்னிய இழை நரம்பு), நைலான் நரம்பா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைலான் இழுத்தால் நன்றாக நீளும். பிரெய்டு கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஓட்டத்தில் லைன் வளைந்து கிடக்கும்போதும், தூரத்தில் மீன் லேசாகத் தொடுவது பிரெய்டில் விரலுக்குத் தெரியும். ஒரே பலத்துக்கு மெல்லியதாகவும் இருப்பதால் ஓட்டம் அதைக் குறைவாகவே இழுக்கும், லேசான ஜிக்கே அடிமட்டத்தைத் தொடும். ஆளி ஓட்டில் உரசினால் மட்டும் நொடியில் அறுந்துவிடும். அதனால் 10 முதல் 20 பவுண்டு பிரெய்டின் நுனியில் 20 முதல் 30 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னால் வரும் துண்டு நரம்பு) ஒரு பாக நீளம், அதாவது இரு கையையும் விரித்த நீளம், கட்டுங்கள். ஃப்ளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருடையது 1.33, நைலானுடையது 1.5-க்கு மேல். தண்ணீருக்குள் நைலானை விடக் குறைவாகக் கண்ணில் படுவது இதனால்தான்.

உயிர் இறாலா, சாஃப்ட் பிளாஸ்டிக்கா

உயிர் இறாலை வெல்ல எந்த லூராலும் முடியாது என்று சொல்கிறவர்கள் கலங்கல் தண்ணீரைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்கிறார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாத தண்ணீரில் மீன் வாசனையையும் அதிர்வையும் வைத்துத்தான் இரையைத் தேடும். இறாலைத் தூண்டில் முள்ளில் கோர்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கொம்புக்குக் கீழே தலைக்குள் கரும்புள்ளி போல ஒன்று தெரியும். முள் அதில் படாமல், அதற்கு முன்னால், கொம்பின் அடியோரமாகக் குறுக்கே போக வேண்டும். புள்ளியில் குத்தினால் இறால் அப்போதே செத்துவிடும். தவிர்த்தால் நெடுநேரம் உதைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் கயாக்கில் உயிர் இரையை வைத்துக்கொள்வது பெரிய வேலை. தண்ணீர் நிறைந்த வாளி, காற்றூட்டி, கூடுதல் எடை, இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். இரையை வைத்தால் மீன் வரும்வரை ஓர் இடத்தில் காத்திருக்கவும் வேண்டும். கயாக்கின் பலமோ நகர்வதில் இருக்கிறது. தெளிந்த தண்ணீரில் 75 முதல் 100 மில்லிமீட்டர் சாஃப்ட் பிளாஸ்டிக் (மென்மையான பிளாஸ்டிக் லூர்) போட்டு ஓடையின் இரண்டு கரைகளையும் துழாவிக்கொண்டே போகிறவர், காத்திருப்பவரை விட அதிக மீன்களின் முன்னால் தன் லூரைக் காட்டுகிறார். அடிமட்டத்தைத் தொடுகிற அளவில் மிக லேசான ஜிக் ஹெட்டை எடுங்கள். தொட்டதும் இரண்டு தட்டு தட்டித் தூக்குங்கள், மறுபடி விழ விடுங்கள். பெரும்பாலான கடிகள் விழும்போதுதான் வரும். அப்போது லைன் தளர்ந்திருப்பதால், கையை விடக் கண்தான் முதலில் பிடிக்கும். லைன் சட்டென்று துள்ளினாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ சுண்டுங்கள்.

வெயில் மாதங்களும் குளிர் மாதங்களும்

இந்தியப் பெருங்கடல் கரைகளிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை கழிமுகத் தூண்டில்காரர்களின் முதல் ஆசை கொடுவா. அது வெப்பத்தின் மீன். தண்ணீர் சூடாக இருக்கும் மாதங்களில் துரத்தி அடிக்கும், குளிர்ந்தால் சோர்ந்து இரை எடுப்பதையே குறைத்துவிடும். குளிர் மாதங்களில் அதைத் தேடினால் வெயில் பட்டுச் சூடேறிய ஆழமற்ற சேற்றுத் திட்டின் ஓரத்தில், மதியத்துக்கு மேல், லூரை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். மாங்குரோவ் ஜாக் என்ற மீனும் வெயில் மாதங்களில்தான் வேகம் காட்டும். கழிமுகத்தில் கிடைப்பவை அதன் இளம் மீன்களே. வளர்ந்தவை வெளிக்கடல் பாறைகளுக்குப் போய்விடும். எல்லாக் கரைக்கும் இதே கணக்கு பொருந்தாது. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்டிரைப்டு பாஸ் வசந்தத்தில் முட்டையிட ஆறுகளுக்குள் ஏறும்; ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பிரீம் மீன் குளிர்காலத்தில் முட்டையிட முகத்துவாரம் நோக்கி வரும்.

மழைக்குப் பின் எங்கே போவது? நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீரின் மேல் தனி அடுக்காக ஓடும். மேலே செம்மண் நிறத்தில் ஓடினாலும் அடியில் உப்பும் தெளிவும் மிச்சமிருக்கலாம். அதனால் மேல்மட்ட லூரைப் பையில் வைத்துவிட்டு ஆழமான குழிகளையும் முகத்துவாரத்தையும் பாருங்கள். சில நாட்களில் வெள்ளம் தெளியும்போது, கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் மடவையும் இறாலும் திரளும், பாரை பின்னாலேயே வரும்.

பிடித்ததைப் படகில் ஏற்றுவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. லூரில் வரும் மூன்றுமுனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுவதையே நான் சொல்வேன். துள்ளுகிற மீனுக்கும் உங்கள் தொடைக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான் இருக்கும். ஒற்றை முள்ளில் மீனும் குறைந்த காயத்தோடு திரும்பும். கொடுவாவில் இது கூடுதல் முக்கியம். அது பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். உங்கள் தூண்டிலில் வரும் மிகப் பெரிய கொடுவா அநேகமாக முட்டையிடும் தாய். படம் எடுக்கத் தோன்றினால் இரண்டு கையாலும் படுக்கை வாட்டில் தாங்கிப் பிடியுங்கள், தாடையை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். அப்புறம் ஓட்டத்துக்கு முகம் காட்டித் தண்ணீரில் பிடித்திருங்கள். செவுள் சீராக அசைந்து அதுவே கையை உதறும்போது விடுங்கள்.