கோடையில் 2 மாதமா, சொந்தக் கல்லூரி ஆய்வகமா?

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும்போதே ஆய்வுக் குழுவில் சேர ஆசையா? பெரும்பாலும் இரண்டு வழிதான். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை ஒன்று, நம் துறைப் பேராசிரியரிடமே போய்க் கேட்பது இன்னொன்று.

அகாடமி வழியில் 2 மாதம், கையில் உதவித்தொகை, பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) போன்ற இடத்தில் வேலை செய்யும் வாய்ப்பு. பெரிய கருவிகளைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ஆனால் பழைய கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயே முதல் சில வாரங்கள் ஓடிவிடும், கை பழகும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் வசதி குறைவுதான், பணமும் வராது. ஆனால் நேரம் உண்டு. நான் அங்கே கண்ணாடியில் துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலம் உருவாக்கிப் பார்த்தேன்: கண்ணாடித் தகட்டை அசிட்டோனில் கழுவி, கரைசலைச் சொட்டிச் சுழற்றி, உலையில் வைத்து, படலம் உரிந்து வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அப்படிப் பல வாரம் போராடி, கடைசியில் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) வரைபடத்தில் 36 டிகிரி பக்கத்தில் துத்தநாக ஆக்சைடுக்குரிய முகடு எழும்பியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தவறு செய்து திருத்த இடம் கொடுப்பது இந்த வழிதான்.

என்னைக் கேட்டால் முதலில் கல்லூரி, அப்புறம் அகாடமி. அந்த விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் எழுதினால் அதற்குக் கனம் அதிகம்.