யூனிசாவா, டர்பன் பல்கலைக்கழகமா, கேப் டவுன் நிறுவனமா? பாட வடிவமைப்புக்கு மாற நினைக்கும் ஆசிரியர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பள்ளிகளில் பல வருடம் பாடம் நடத்திய நம்மவர்கள் இப்போது பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பாடத்தைத் திட்டமிட்டு அமைத்துக் கொடுக்கும் பாட வடிவமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். விளம்பரத்தில் 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்' என்றிருக்கும், 'லெர்னிங் டிசைனர்' என்றும் இருக்கும். எந்தப் பெயரில் வந்தாலும் முதலில் பார்ப்பது சம்பளத்தைத்தான். நான் அதற்கு முன் வேறு இரண்டைக் கேட்பேன். பாடம் ஓடத் தொடங்கியபின் மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது உங்கள் கண்ணில் படுமா? பட்டால், அந்த இடத்தைத் திருத்த உங்களுக்கு அதிகாரம் உண்டா? பள்ளி வகுப்பறையில் இரண்டும் கேட்காமலே கிடைத்தன. உயர்கல்வியில் இரண்டும் ஒரே மேசைக்கு வருவது அபூர்வம்.

யூனிசாவிலிருந்து (யுனிவர்சிட்டி ஆஃப் சவுத் ஆப்பிரிக்கா) தொடங்கலாம். 1946-இல் தபால் வழியே பாடம் நடத்தத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இன்று அங்கே படிப்பவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். சிறையில் இருந்தபடியே மண்டேலா 1989-இல் எல்.எல்.பி. பட்டம் பெற்றதும் அங்கேதான். அங்கே படித்த எவரைக் கேட்டாலும் 'டுட்டோரியல் லெட்டர் 101' என்றதும் முகம் மாறும். எப்போது எதைப் படிக்க வேண்டும், எந்த அசைன்மென்டை எப்போது அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஆசிரியரை நேரில் பார்க்காத மாணவருக்கு அந்தத் தாள்தான் ஆசிரியர். அதில் ஒரு வாக்கியம் குழப்பினால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் குழம்புவார்கள்.

நம் நாட்டுக் கணக்கில் 1 கிரெடிட் என்பது 10 மணி நேரப் படிப்பு. 12 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். பகலெல்லாம் கடையிலோ மருத்துவமனையிலோ நின்றுவிட்டு, பிள்ளைகள் தூங்கியபின் திரையைத் திறக்கும் ஒருவர் அந்த 120 மணியை எங்கிருந்து எடுப்பார்? வாசிப்புக்கு எவ்வளவு, எழுதுவதற்கு எவ்வளவு, தேர்வுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது வடிவமைப்பாளரின் வேலை. அக்கறையோடு செய்தால் இதைவிடப் பெரிய தொண்டு கல்வித்துறையில் இல்லை என்பது என் எண்ணம். குறை ஒன்றுதான்: திருத்தம் ஆமை வேகத்தில் நகரும். மதிப்பீட்டு முறையை மாற்ற நினைத்தால் துறை, கல்லூரிக் குழு, செனட் என்று கோப்பு படியேற வேண்டும். படிப்பையே பெரிதாக மாற்றினால் உயர்கல்வி கவுன்சில் வரை போகும். இந்த வருடம் கண்ட தவறு அடுத்த வருட மாணவருக்காவது சரியானால் அதிர்ஷ்டம்.

டர்பனிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பின்னதன் வேர் நமக்கு நெருக்கமானது. கொல்லத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து, உழைத்துச் சேர்த்ததைக் கல்விக்குக் கொடுத்த எம்.எல். சுல்தானின் பெயரில் நடந்த தொழில்நுட்பக் கல்லூரிதான் 2002-இல் டெக்னிக்கான் நட்டாலோடு இணைந்து இன்றைய பல்கலைக்கழகம் ஆனது.

இந்த இரண்டு இடங்களிலும் பாடம் லெக்சரருடையது. நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர். மூடில் என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் பக்கத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தச் சாக்கில் "இந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது, பேராசிரியரே?" என்று கேட்க உங்களுக்குத் தைரியம் வேண்டும், பக்குவமும் வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. ஆனால் மாணவர் தாழ்வாரத்திலேயே நிற்கிறார். எந்த வாரம் தடுக்கியது என்று அவர் வாயாலேயே கேட்கலாம்.

2020-இல் கொரோனாவால் வளாகங்கள் மூடியபோது பல மாணவர்களுக்குக் கிடைத்த மாத டேட்டா 30 ஜிபி. அதில் 20 ஜிபி இரவில் மட்டுமே செல்லும். ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவு செய்து ஏற்றுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. சிறு சிறு ஒலிப்பதிவுகளும் நாலு பக்கக் குறிப்பும் அதே வேலையைச் செய்தன. 2023-இல் லோட்ஷெடிங் (பகுதிவாரியான மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, மின்சாரம் இல்லாத நேரத்தில் மூடிக்கொள்ளும் ஆன்லைன் தேர்வு என்பது மாணவரின் அறிவைச் சோதிக்கவில்லை, அவர் எந்தப் பேட்டையில் குடியிருக்கிறார் என்பதைச் சோதித்தது. இதையெல்லாம் எந்த மென்பொருள் பயிற்சியும் கற்றுத் தராது. இன்னொன்றும் உண்டு: குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் இளநிலை மாணவர்கள் இசிசூலு (சூலு மொழி) பாடம் படித்தாக வேண்டும். அந்த மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த வடிவமைப்பாளரிடம் மாணவர் மனம் திறப்பார்.

கேப் டவுன் நிறுவனங்களின் உலகம் முற்றிலும் வேறு. 2008-இல் அங்கே தொடங்கிய கெட்ஸ்மார்ட்டர்தான் பெரிய உதாரணம். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்து ஹார்வர்டு, எம்ஐடி வரை குறுகிய காலப் படிப்புகளை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தது. தொழில் நுணுக்கம் கற்க இதற்கு ஈடில்லை. ஸ்டோரிபோர்டு (பாடம் திரையில் வரும் வரிசை) எழுதுகிறவர் ஒருவர், வீடியோ எடுப்பவர் ஒருவர், பிழை திருத்துகிறவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். கெடு தள்ளிப்போகாது. ஒரே படிப்பு வருடத்தில் பல முறை ஓடுவதால், போன சுற்றில் மாணவர் விட்டுவிட்டுப் போன இடத்தை அடுத்த சுற்றிலேயே சரிசெய்ய வாய்ப்பு வரும். யூனிசாவில் கிடைக்காத வேகம் இது. ஆனால் இங்கே வருகிற மாணவர் பெரும்பாலும் ஏற்கெனவே பட்டமும் வேலையும் கையில் இருப்பவர். டர்பன் பக்கத்து உம்லாசி குடியிருப்பிலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை உங்கள் பாடத்தைப் பார்க்கப்போவதில்லை. எனக்கு அது உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்தாமல் போகலாம்.

பாதுகாப்பையும் யோசியுங்கள். அமெரிக்காவின் 2யூ நிறுவனம் 2017-இல் கெட்ஸ்மார்ட்டரை 10.3 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த 2யூவே 2024-இல் கடன் சுமையால் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. உங்கள் மேசையின் தலைவிதி வேறொரு கண்டத்தில் எழுதப்படும்.

ஜோஹன்னஸ்பர்க் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இ-லெர்னிங் செய்து கொடுக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளப் பட்டியலில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டும் நிறுவனங்கள் பயிற்சி நடத்திக் கணக்குக் காட்டினால் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஆகவே வேலை வந்துகொண்டிருக்கும், பணமும் வரும். ஊழியர் கடைசி ஸ்லைடு வரை தட்டினாரா என்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால், வகுப்பறையிலிருந்து வருகிறவருக்கு அந்த இரண்டு டர்பன் பல்கலைக்கழகங்களில் ஒன்றுதான் முதல் இடம். அதிகாரம் குறைவுதான். ஆனாலும் மாணவரைப் பார்த்து வடிவமைக்கும் பழக்கம் அங்கே படியும். அது படிந்தவர் பிறகு யூனிசாவுக்குப் போனால் 3 லட்சம் பேருக்கு நல்லது செய்வார். இருபதுகளில் இருப்பவர், குடும்பச் சுமை இல்லாதவர், கேப் டவுனில் இரண்டு மூன்று வருடம் தொழில் பழகிவிட்டு வரட்டும்.

அரசுப் பள்ளி வேலையை விடுமுன் ஒன்றைச் செய்யுங்கள். அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில் உங்கள் பங்கு என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழக வேலைகள் பெரும்பாலும் வேறு நிதியில் இருக்கும். கற்பித்தல் மேம்பாட்டு மையங்களில் பல பணியிடங்கள் உயர்கல்வித் துறையின் திறன் வளர்ப்பு மானியத்தில் நடக்கின்றன, அது மூன்று வருடச் சுற்று. இப்போதைய சுற்று 2024-இலிருந்து 2026 வரை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அந்தப் பணியிடம் மானியத்தில் நிற்கிறதா, பல்கலைக்கழகத்தின் சொந்த பட்ஜெட்டில் நிற்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.