ஊதிய ஒப்பந்தம்: ஒரே சதவீதமா, ஒரே தொகையா?

தொழிற்சங்கமும் நிர்வாகமும் ஊதிய அட்டவணையை மொத்தமாக உயர்த்தும்போது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள்: எல்லாருக்கும் ஒரே சதவீதம், அல்லது ஒரே தொகை.

அட்டவணையின் அடிமட்டம் 20,000, உச்சம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் என்றால் கீழே இருப்பவருக்கு 1,000, மேலே இருப்பவருக்கு 3,000. இடைவெளி 40,000லிருந்து 42,000 ஆகிவிடும். அடுத்த உயர்வு இந்தப் புதிய சம்பளத்தின் மேல் கணக்காகும். இடைவெளி இன்னும் விரியும். மூன்று மடங்கு என்ற விகிதம் மட்டும் அப்படியே நிற்கும். ‘பாரபட்சமே இல்லை’ என்பவர்கள் காட்டுவது அதைத்தான்.

சரி, ஆளுக்கு 2,000 கொடுத்தால்? (இரு மட்டத்திலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால் நிர்வாகத்துக்குச் செலவு ஒன்றுதான்.) கீழே 10 சதவீத உயர்வு, மேலே சுமார் 3.3. விலைவாசி ஏறும் காலத்தில் எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இதையே செய்தால் அனுபவத்துக்கான வித்தியாசம் தேய்ந்து, மூத்தவர்கள் முணுமுணுப்பார்கள்.

இரண்டையும் கலப்பதும் உண்டு: ‘5 சதவீதம், ஆனால் குறைந்தது 1,500’ என்று ஒரு வரி. 30,000க்குக் கீழே வாங்குபவர்களுக்கு அந்த வரிதான் ஒப்பந்தமே.